பழங்காசைத் துலக்கலாமா?

பயணச்சீட்டு வழங்கும் சாளரத்தின் உட்புறத்தில் அமர்ந்து நாள் முழுதும் காசு எண்ணிப் பிழைக்கிறோம் நாம். காசு என்றால் நமக்குக் கணக்கு. கணக்கு என்றால் பணி முடியும் வேளையில் பெட்டியில் இருக்கவேண்டிய தொகை. அத்தொகையில் குறைவு நேர்ந்தால் சொந்தப் பையிலிருந்து ஈடு செய்யவேண்டும். இதற்கு அப்பால் காசைப்பற்றி நாம் நெடுங்காலம் எண்ணிப் பார்த்ததில்லை. இப்பொழுதோ கைப்பேசியைக் காட்டிப் பணம் செலுத்துவோர் பெருகிவிட்டனர். சில்லறையின் ஓசை சாளரத்தில் குறைந்துவிட்டது. குறைந்த பிறகுதான் அதனை உற்றுப் பார்க்கும் பழக்கம் நமக்கு ஏற்பட்டது போலும்.

நமது சங்கத்தின் அண்மைக் கூட்டமொன்றில் அன்பர் ஒருவர் நம்மை நோக்கி, “அழுக்கேறிய பழங்காசுக்கு மிகுந்த விலை தருகிறார்கள், அதனையே பளபளவென்று துலக்கிக் கொண்டுபோனால் விலையைக் குறைக்கிறார்கள். இது என்ன நியாயம்? சேகரிப்போரின் பித்து என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் உண்டா?” என்று வினவினார். நல்ல வினா. இவ்வினாவுக்கு விடை கூறும் தகுதி நமக்கு வந்த விதம் மட்டும் பெருமைக்குரியதன்று. படித்து அறிந்ததைக் காட்டிலும் பிழை செய்து அறிந்ததே மிகுதி. அப்பிழையும் பிறர் பொருளில் நாம் செய்த பிழை. ஆகவே முதலில் அதனைக் கூறிவிட்டு மேலே செல்வதே முறை.

நம்முடன் பணியாற்றிக் காலஞ்சென்ற நண்பர் ஒருவரின் மனைவியார் கல்யாண் நகரில் வசித்து வருகிறார். கும்பகோணத்துப் பக்கத்துக் குடும்பம். அவருடைய மகளுக்குச் செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்தது. கட்டணம் செலுத்தக் குறித்த நாள் நெருங்கியது, கையிருப்புப் போதவில்லை. அப்பொழுது அந்த அம்மையார் பெட்டியின் அடியிலிருந்து ஒரு சுருக்குப் பையை எடுத்து நம்முன் வைத்தார். அவருடைய பாட்டியார் சீராகப் பெற்று, செலவழிக்காமல் காத்து, பேத்தியிடம் ஒப்படைத்துச் சென்ற வெள்ளி ரூபாய்கள் அதில் இருந்தன. அனைத்தும் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்தவை. எண்ணிப் பார்த்தோம், பத்து. அனைத்தும் கறுத்துக் கிடந்தன.

“தம்பி, இப்படியே கொண்டுபோனால் எடுத்துக்கொள்வார்களா?” என்று கேட்டார்.

“விற்கப் போகிற பொருளைத் துலக்காமல் யாராவது கொண்டுபோவார்களா, அக்கா? புளியும் சாம்பலும் இட்டு நன்றாகத் தேய்த்துக் கொண்டுவாருங்கள். பார்த்தவுடன் கண்ணைப் பறிக்க வேண்டும்” என்றோம் நாம்.

குத்துவிளக்கைத் துலக்கிப் பழகிய கை அவருடையது. ஓர் இரவு முழுதும் தேய்த்தார். மறுநாள் பத்து ரூபாய்களும் நிலவைப் போல ஒளிர்ந்தன. வெள்ளைத் துணியில் அவற்றை முடிந்துகொண்டார். வெறும் சுருக்குப் பையையும் பழக்கத்தின் காரணமாக இடுப்பில் செருகிக்கொண்டார். மும்பைக் கோட்டைப் பகுதியில் பழங்காசு வாணிகம் செய்யும் முதியவர் ஒருவரின் கடைக்கு இருவரும் சென்றோம்.

முதியவர் கறுப்புத் துணியை விரித்து, ஒவ்வொரு காசையும் விளிம்பில் பிடித்து, விளக்கின்கீழ் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். மூன்றாவது காசிலேயே அவர் முகம் மாறிவிட்டது. “கழுவினீர்களா?” என்று இந்தியில் கேட்டார். ஆம் என்று நாம் சற்றுப் பெருமையுடனேயே சொன்னோம். அவர் மறுமொழி கூறவில்லை. பத்தையும் பார்த்து முடித்தபின், வெள்ளியின் எடைக்குரிய விலையும் அதற்குமேல் சிறிது தொகையுமே தர இயலும் என்றார்.

அம்மையார் துணியை முடியத் தொடங்கினார். சுருக்குப் பையையும் பார்க்கலாமா என்று முதியவர் கேட்டு வாங்கி உதறினார். பையின் அடித் தையலில் சிக்கிக் கிடந்த பதினோராவது ரூபாய் ஒன்று கறுப்புத் துணியின்மேல் விழுந்தது. எவர் கையும் துலக்காத காசு அது. நடுவில் சாம்பல் நிறம். விளிம்பை நெருங்க நெருங்க மங்கிய பொன்னிறமும் நீலமும் கலந்த சாயல். 1911-ஆம் ஆண்டுக் காசு. துலக்கிய பத்தினுள்ளும் அதே ஆண்டுக் காசு ஒன்று இருந்தது. முதியவர் இரண்டையும் அருகருகே வைத்தார். துலக்காத ஒன்றுக்கு மட்டும், துலக்கியவற்றில் நான்குக்குரிய விலை தருவதாகச் சொன்னார். பிறகு நம் முகத்தைப் பார்த்து, “நேற்று வந்திருந்தால் எல்லாவற்றுக்கும் வேறு விலை பேசியிருப்பேன்” என்றார்.

திரும்பும் வழியில் தாணே நிலையம் வரையில் அம்மையார் வாய் திறக்கவில்லை. அதன் பின்னர், “பாட்டி எல்லாவற்றையும் துலக்குவாள். இந்தக் காசுகளை மட்டும் தொடவே மாட்டாள். ஏன் என்று நான் கேட்டதே இல்லை” என்றார். நம்மைக் குறை கூறி ஒரு சொல்லும் அவர் சொல்லவில்லை. குறைந்த தொகைக்கு நாம் கடன் சங்கத்தில் கடன் எழுதி ஈடு செய்தோம். அத்தொகையை அவர் திங்கள்தோறும் சிறுகச் சிறுகக் கொணர்ந்து நம் கையில் வைக்கிறார். வேண்டாமென்றால் சினங்கொள்கிறார்.

இதுவே நமது பாடத்தின் தொடக்கம். அதன் பிறகு விடுமுறை நாட்களில் அம்முதியவரின் கடைக்குச் சென்று உட்காரலானோம். அவரிடம் கேட்டும், கிடைத்த நூல்களைப் படித்தும் நாம் தெளிந்தவற்றை அன்பரின் வினாவுக்கு விடையாக இங்கே வைக்கிறோம்.

முதலில், துலக்கும்பொழுது காசுக்கு நேர்வது என்ன? அக்காலத்து வெள்ளி ரூபாய் ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம். ஆயிரத்தில் 917 பங்கு வெள்ளி. எஞ்சியது பெரும்பாலும் செம்பு. நாணயச்சாலையில் வட்டத் தகட்டை இரண்டு எஃகு அச்சுகளின் இடையில் வைத்து ஒரே அழுத்தாக அழுத்துவார்கள். அவ்வழுத்தத்தில் உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஒழுகிப் பரவுகிறது. அங்ஙனம் பரவிய சுவடுகள் கண்ணுக்குத் தனித்தனியே புலப்படாத நுண்கோடுகளாகக் காசின் முகத்தில் நின்றுவிடுகின்றன. புதுக் காசை விளக்கின்கீழ் மெல்லச் சுழற்றினால், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல ஒளிக்கதிர்கள் சுற்றிவருவதைக் காணலாம். அவ்வொளி அந்த நுண்கோடுகளிலிருந்து பிறப்பது. அச்சு ஒருமுறை தந்த அந்த ஒளியை மறுமுறை தர வல்லார் எவரும் இல்லை.

காலப்போக்கில் காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியுடன் கூடி, மிக மெல்லிய படலமாக அதன்மேல் படிகின்றன. படலத்தின் தடிப்புக்கு ஏற்ப மஞ்சள், செம்மை, நீலம் எனச் சாயல் மாறி, இறுதியில் கருமையாகிறது. நாம் அழுக்கு என்று எண்ணுவது பெரும்பாலும் இதுவே. இது வெளியிலிருந்து வந்து ஒட்டிய சேறன்று; காசின் மேற்பரப்பே மாற்றம் எய்திய நிலை. ஆகவே இதனை அகற்றுகிறவர் காசிலிருந்து சிறிது வெள்ளியையும் சேர்த்தே அகற்றுகிறார்.

புளியும் சாம்பலும் செய்வது யாது? புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் செம்பின் களிம்பைக் கரைக்க வல்லது. வெள்ளியின் கருமை அதற்கு எளிதில் கரைவதன்று. வெள்ளியைப் பளிச்சிடச் செய்வது சாம்பலின் உராய்வே. சாம்பலும் பற்பசையும் பாத்திரத் தூளும் நுண்ணிய அரங்களைப் போன்றவை. முன்னே கூறிய நுண்கோடுகளை அவை அறுத்து, அவற்றின்மேல் தாறுமாறான மயிர்க்கீறல்களை இழுத்துவிடுகின்றன. நம் கண்ணுக்கு அது வெண்மையாகத் தோன்றும். பூதக்கண்ணாடியின்கீழ் அது தேய்ந்துபோன தரையைப் போலிருக்கும். செப்புக்காசின் கதி இதனினும் இழிந்தது. புளியில் ஊறிய பழங்காலணா, எந்த நாணயச்சாலையும் வெளியிட்டிராத இளஞ்சிவப்பு நிறத்துடன் வெளியே வரும்.

அலுமினியத் தாளும் ஆப்பச்சோடாவும் வெந்நீரும் கொண்டு, தேய்க்காமலே வெண்மையாக்கும் முறை ஒன்று உண்டு. கீறல் விழாதே என்று பலர் அதனை நம்புகின்றனர். கீறல் விழாது என்பது மெய்தான். ஆனால் கருமை ஆழமாக இறங்கியிருந்த இடங்களில் அடியிலிருந்த நுண்கோடுகள் முன்னரே கரைந்திருக்கும். ஆகவே படலம் நீங்கியதும் வெண்மை வருமேயன்றி ஒளி வருவதில்லை. சுண்ணாம்பு அடித்த சுவரைப் போல அது மங்கி நிற்கும்.

காசு வாணிகர் இவற்றையெல்லாம் எங்ஙனம் ஒரு நொடியில் கண்டுகொள்கின்றனர் என்று அன்பர்கள் வியக்கலாம். வியப்பதற்கு ஏதுமில்லை. நூறாண்டு பழகிய காசில் மேடுகள் தேய்ந்து, பள்ளங்கள் கறுத்திருப்பது இயல்பு. துலக்கிய காசில் முகம் முழுதும் ஒரே வெண்மையாயிருக்கும். எழுத்துகளின் இடுக்குகளில் மட்டும் துணி எட்டாத கருமை ஒட்டியிருக்கும். மேலும், விளக்கின்கீழ்ச் சாய்க்கும்பொழுது ஒளி சக்கரமாகச் சுழலாமல் ஒரே இடத்தில் தேங்கும். அம்மையாரின் மூன்றாவது காசில் முதியவர் கண்டது இதுவே.

காசின் நிலையை அளப்பதற்கு உலகில் ஓர் அளவுகோல் வழங்கிவருகிறது. அமெரிக்க நாட்டின் வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949-ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பழைய செப்புச் சென்டுகளுக்காக 1 முதல் 70 வரை எண்ணிட்டு வகுத்தது அது. பிற்காலத்தில் எல்லாக் காசுகளுக்கும் அதுவே பரவிற்று. அந்நாட்டில் 1986-இல் பி.சி.ஜி.எஸ். என்ற நிறுவனமும் 1987-இல் என்.ஜி.சி. என்ற நிறுவனமும் தோன்றி, காசுகளை ஆராய்ந்து எண் வழங்கி, பேழையில் அடைத்துத் தருகின்றன. முறையற்றுத் துலக்கிய காசு அங்கே சென்றால் அதற்கு எண் கிடைப்பதில்லை. ‘வடிவத்தின் தேய்மானம் இவ்வளவு; ஆயினும் துலக்கப்பட்டது’ என்ற குறிப்பு மட்டுமே கிடைக்கும். தேர்வில் நல்ல விடை எழுதியும் மதிப்பெண் நிறுத்தப்பட்ட மாணாக்கனின் நிலை அக்காசுக்கு.

இங்கே ஒன்றை மறைக்காமல் கூறுதல் வேண்டும். துலக்கிய காசு அனைத்தும் ஒதுக்கப்படுகிறது என்பது முழு உண்மையன்று. மேனாடுகளில் வெள்ளிக் காசை அதற்கென அமைந்த அமிலக் கரைசலில் ஒரு நொடி தோய்த்து எடுக்கும் வழக்கம் வாணிகரிடையே நெடுநாளாக உண்டு. கைதேர்ந்தவர் தோய்த்தால் நுண்கோடுகள் பெரும்பாலும் தப்பிவிடும். அத்தகைய காசுகள் உயர்ந்த எண்ணையும் பெற்றுவிடுகின்றன. எனவே காசுலகம் தண்டிப்பது துலக்குதலை அன்று, துலக்கியமை புலப்படுவதையே என்று ஒருவர் வாதிக்கலாம். அவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் தோய்க்குந்தோறும் மேற்பரப்பு சிறிது கரைகிறது. மும்முறை தோய்த்த காசு ஒளியிழந்து நிற்கும். அன்றியும், பொலிவிழந்த காசுக்குச் செயற்கையாக நிறமூட்டிப் பழமை காட்டி விற்பவரும் உளர். ஒரு பொய்யை மறைக்க மற்றொரு பொய் வேண்டியிருப்பது காசுக்கும் பொருந்தும் போலும்.

“குத்துவிளக்கையும் வெள்ளிக் கிண்ணத்தையும் வாரந்தோறும் துலக்குகிறோமே, அவற்றின் மதிப்புக் குறைகிறதா?” என்பார்க்கு நமது விடை இது. விளக்கும் கிண்ணமும் பயனுக்காகச் செய்யப்பட்டவை. துலக்குவதை எண்ணியே கன்னான் அவற்றைத் தடிப்பாக வார்த்தான். காசின் மதிப்போ அச்சு பதித்த மேற்பரப்பில் இருக்கிறது. அம்மேற்பரப்பு மயிரிழையினும் மெல்லியது. ஓர் எடுத்துக்காட்டு: ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் பம்பாயில் அடித்ததா, கல்கத்தாவில் அடித்ததா என்பதைக் காட்டுவது ஒரு சிறு புள்ளியே. புள்ளி இருந்தால் பம்பாய், இல்லையேல் கல்கத்தா. ஓயாமல் தேய்த்துப் பழகிய கை, பம்பாய்க் காசைக் கல்கத்தாவுக்கு மாற்றிவிடக்கூடும்!

அந்த 1911-ஆம் ஆண்டுக் காசின் கதையும் இத்தகைய நுட்பத்தைச் சார்ந்ததே. மன்னரின் அங்கியில் யானை உருவம் ஒன்று மிகச் சிறிதாகப் பொறிக்கப்பட்டிருந்தது. துதிக்கை குறுகியிருந்தமையால் அது பன்றியைப்போல் தோன்றிற்று. மக்களிடையே மனக்கசப்பு எழவே அரசாங்கம் அக்காசைத் திரும்பப் பெற்று, 1912-இல் யானையைத் திருத்தி வெளியிட்டது. இன்றும் அதனைப் ‘பன்றி ரூபாய்’ என்று அழைக்கின்றனர். ஒரு நாட்டையே முணுமுணுக்க வைத்த அவ்வுருவத்தின் அளவு அரிசியின் நுனியிலும் சிறிது. அதன்மேல் நாம் சாம்பலை வைத்துத் தேய்க்கச் சொன்னோம்!

துலக்கியே ஆகவேண்டிய காசும் உண்டு. மண்ணுக்குள்ளும் ஆற்று மணலுக்குள்ளும் பல நூற்றாண்டு கிடந்த செப்புக் காசுகள் கல்லைப்போல் களிம்பு மூடிக் கிடக்கும். கருவூரில் அமராவதி ஆற்று மணலிலிருந்து இத்தகைய சங்ககாலக் காசுகள் பல கிடைத்துள்ளன. அவற்றின் களிம்பை அகற்றினாலன்றி எழுத்தைப் படிக்க இயலாது. நாளிதழ் ஆசிரியராயிருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் 1980-களில் பாண்டியரின் சதுரச் செப்புக் காசொன்றில் ‘பெருவழுதி’ என்ற பெயரைப் பழந்தமிழ் எழுத்தில் படித்துக் காட்டியமை நாணயவியலில் பெரிதும் பேசப்பட்டது. சங்கப் பாடல்களில் மட்டும் கேட்ட பெயரை உலோகத்தில் கண்டது சிறிய பேறா? ஆனால் அத்தகைய காசைத் துலக்குதல் அறிந்தோர் கைவேலை. நாட்கணக்கில் பொறுமையுடன் செய்வது. அதன் நோக்கமும் வேறு. அங்கே துலக்குவது படிப்பதற்காக. நாம் துலக்கச் சொன்னது மினுக்குவதற்காக.

செம்பு, வெண்கலக் காசுகளில் வெளிர்பச்சைப் பொடி பூத்து உதிர்வதும் உண்டு. குளோரைடு உப்பும் ஈரமும் கூடி உலோகத்தை அரிக்கும் நோய் அது. அதற்கும் அறிந்தோர் மருத்துவமே தேவை, தாமதம் கூடாது.

இவ்வழக்குக் காசுக்கு மட்டும் உரியதன்று. சேகரிப்போர் போற்றும் பிற பொருள்களிலும் எழுவதே. அமெரிக்க நாட்டின் நெவாடா மாநிலம் 1931-இல் சூதாட்டத்துக்குச் சட்ட இசைவு அளித்தது. அங்குள்ள கூடங்களில் பணத்துக்கு ஈடாக வழங்கிய களிமண் கலவை வில்லைகளைச் சேகரிப்போர் இன்று பலர் உளர். வில்லையின்மேல் படிவது பலர் கைபட்ட எண்ணெயும் தூசியும். அவை அதன் உடலின் பகுதியல்ல. ஆதலால் மெல்லிய சவர்க்கார நீரில் மென்மையாகத் துடைப்பதை அவர்களிற் பலர் பெருங்குற்றமாகக் கொள்வதில்லை. ஆயினும் அழுத்தித் தேய்த்தால் பொன்னெழுத்து உரிந்துபோகும். மழுங்கிய விளிம்போ எத்துணை கழுவினாலும் கூர்மை பெறாது. ஆக, எங்கும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: நாம் அகற்றப் போவது பொருளின்மேல் ஒட்டியதையா, அன்றிப் பொருளையேயா?

நமது சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் ஊரிலிருந்து கொணர்ந்த ஒரு பெட்டி உண்டு. அப்பெட்டியில் ஒரு சுருக்குப் பையோ டப்பாவோ உண்டு. அதனுள் வெள்ளி ரூபாயோ, 1943 முதல் 1947 வரை அடித்த ஓட்டைக் காலணாவோ, 1957-இல் வந்த நயா பைசாவோ இருத்தல் கூடும். எல்லாமே விலை பெறும் என்று ஆசை காட்ட மாட்டோம். பெரும்பாலானவை எளிதில் கிடைப்பவையே. ஆயினும் எது எளியது, எது அரியது என்று தெரியும்வரையில் பின்வருவனவற்றை மட்டும் கைக்கொள்ள வேண்டுகிறோம்.

காசின் முகத்தைத் தொடாமல் விளிம்பில் பிடியுங்கள். விரலின் வியர்வை ரேகையாகப் பதிந்துவிடும். ரப்பர் வளையம் இடாதீர்கள். அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். மென்மையான பி.வி.சி. உறைகளில் வைக்காதீர்கள், நாளடைவில் பச்சைப் பிசுக்குப் பிடிக்கும். ஈரமற்ற இடத்தில், காசுக்கென விற்கும் அட்டை உறைகளில் தனித்தனியே வையுங்கள். உண்மையாகவே மண்ணோ பிசுக்கோ ஒட்டியிருந்தால், காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, தேய்க்காமல் எடுத்து, மெல்லிய துணியில் ஒற்றி உலர்த்துங்கள். அதற்குமேல் கையை நிறுத்திக்கொள்ளுங்கள். விற்க எண்ணினால் ஒருவரிடம் மட்டும் காட்டி முடிவு செய்யாமல் இருவர் மூவரிடம் விலை கேளுங்கள். வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளுக்கு அனுப்ப எண்ணுவோர் மற்றொன்றையும் அறிதல் நலம். நூறாண்டு கடந்த காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொல்பொருள். அதனைத் தனியார் நாட்டை விட்டு வெளியே அனுப்புதல் கூடாது.

விற்கும் எண்ணமே இல்லாதவர்கள், “எங்கள் பாட்டியின் காசு, நாங்கள் துலக்கிக்கொள்கிறோம், உமக்கென்ன?” என்று கேட்கலாம். கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ஒன்றை மட்டும் எண்ணிப் பார்க்கட்டும். துலக்காத காசை நாளைக்கும் துலக்கலாம்; பத்தாண்டு கழித்து நம் பிள்ளைகள் விரும்பினாலும் துலக்கலாம். துலக்கிய காசைத் துலக்காத காசாக்க எவராலும் இயலாது. மீளாத செயலைச் செய்வதற்குமுன் ஒருநாள் பொறுத்து, அறிந்தவர் ஒருவரைக் கேட்பதில் நமக்கு நட்டம் ஏதுமில்லை. நாம் அந்த ஒருநாள் பொறுக்கவில்லை. அறியாதவர்களாயிருந்தும் அறிந்தவர்களைப்போல் அறிவுரை கூறினோம். அன்பர் கேட்ட நியாயம் இதுதான்: வாணிகர் குறைப்பது தூய்மைக்குரிய விலையை அன்று, போய்விட்ட ஒன்றுக்குரிய விலையை.

அம்மையார் துலக்கிய பத்தில் ஒன்பதையும், துலக்காத ஒன்றையும் விற்றார். எஞ்சிய ஒரு ரூபாயைப் பூசை மாடத்தில் வைத்திருக்கிறார். மகள் இப்பொழுது இரண்டாம் ஆண்டில் படிக்கிறாள். சென்ற வாரம் அவர்கள் வீட்டுக்குச் சென்றபொழுது அந்தக் காசைப் பார்த்தோம். விளிம்பில் மெல்ல மஞ்சள் படரத் தொடங்கியிருக்கிறது. அம்மையார் அதனை எடுத்துத் துடைக்கவில்லை. “இருக்கட்டும் தம்பி, அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்றார்.